ஆறுதலா என்று கேட்டுவிட்டோம், வசு

என் செல்ல வசுவுக்கு,

நீ இருக்கும் இடத்துக்குத் தபால் வருமா, தெரியாது. உன் கல்லூரியில் உனக்கு நினைவு மலர் போடுகிறார்கள். உன்னோடு பாடம் நடத்தியவர்கள், உன்னிடம் படித்தவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள். "மாமி, நீங்களும் ஏதாவது எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். கட்டுரை எழுத எனக்கு என்ன தெரியும்? பத்தாவதோடு கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தவள். அதற்கப்புறம் படித்ததெல்லாம் நீ மேஜையில் விட்டுப்போன புத்தகங்களைத்தான். ஆனால் உன்னிடம் பேசத் தெரியும். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும்.

முதலில் வீட்டுச் செய்தி. உன் அண்ணா சௌக்கியமாக இருக்கிறார் என்று எழுதினால் பொய். ஆவணியில் நீ திருவடி சேர்ந்ததிலிருந்து செய்யவேண்டியதையெல்லாம் குறைவில்லாமல் செய்கிறார். மற்ற நேரமெல்லாம் பேப்பரை மடியில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கம் திரும்புவதில்லை. உன் செல்போனுக்கு இன்னும் ரீசார்ஜ் செய்கிறார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வீட்டுக் கணக்கில் 'வசு' என்ற தலைப்பை நானும் இன்னும் மூடவில்லை. அந்த ரீசார்ஜ் செலவை அதன் கீழேயே எழுதி வைக்கிறேன்.

மார்கழி வந்து போயிற்று. நீ இருந்திருந்தால், "டிவியில சேவிச்சுக்கோங்கோ மன்னி, கூட்டத்துல நசுங்காதீங்கோ" என்று தடுத்திருப்பாய். இந்த வருஷம் தடுக்க ஆளில்லை, போனேன். பரமபத வாசல் தாண்டும்போது சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் "ரங்கா, ரங்கா" என்றார்கள். என் வாயில் உன் பேர் வந்துவிட்டது. பெருமாள் தப்பாக எடுத்துக்கொள்வாரா, வசு?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீ பாதியில் விட்டுப்போன அந்தக் கேள்வி.

மலரைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பொறுத்துக்கொள். வசு என் கணவரின் தங்கை; நான் இந்த வீட்டுக்கு வந்தபோது சின்னக் குழந்தை. சமூகவியல் பேராசிரியை. கல்யாணம் வேண்டாமென்று எங்களோடேயே இருந்துவிட்டாள். இலங்கையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த தமிழர்கள் திருச்சி விமான நிலையம் பக்கம் ஒரு முகாமில் இருக்கிறார்கள் இல்லையா, அங்கேதான் அவளுடைய கடைசி ஆராய்ச்சி. அவர்களுக்கு என்ன வேலை கிடைக்கிறது, அந்த வேலை அவர்கள் மனதை என்ன செய்கிறது என்பதுதான் பொருள். "கூலி என்னன்னு எல்லாரும் கேப்பா மன்னி. அந்த வேலையில உன் மனசு எப்படி இருக்குன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல" என்பாள்.

அந்தக் கேள்விக்கு ஒரு சொல் தேடிக்கொண்டு நீ சமையலறை வாசலில் வந்து நின்றாயே, நினைவிருக்கிறதா? நான் சாத்துமுதுக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். "நிறைவுன்னா ரொம்பப் பெரிசா இருக்கு மன்னி. திருப்தின்னா விருந்து சாப்ட்டவாளைக் கேக்கற மாதிரி இருக்கு. வேற ஏதாவது சொல்லுங்கோளேன்." ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தோம். 'ஆறுதல்' என்று வந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். 'நீங்கள் செய்யும் வேலை உங்களுக்கு ஆறுதலாக இருக்கிறதா?' எவ்வளவு மெத்தென்று இருந்தது அந்தக் கேள்வி! உன் மாணவிகள் அதை எடுத்துக்கொண்டு முகாமில் வீடு வீடாகப் போனார்கள். அநேகமாக எல்லோரும் 'இல்லை' என்று சொல்லிவிட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு நீ சரியாகச் சாப்பிடக்கூட இல்லை.

பதில்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்கு நிரோஜா வந்தாள். முகாமிலேயே பிறந்து வளர்ந்த பெண், பி.காம். முடித்தவள். முதல் நாள் காபி வேண்டுமா என்று கேட்டேன். "ஓம்" என்றாள். சர்க்கரை போடலாமா? "ஓம்." ஃபேன் போடட்டுமா? "ஓம்." எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. உள்ளே ஓடிவந்து உன்னிடம், "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணாடி! எதைக் கேட்டாலும் பிரணவம் சொல்றது" என்றேன். நீ கட்டிலில் விழுந்து சிரித்தாய். "மன்னி, அவா ஊர்ல ஆமான்னா ஓம்!"

நிரோஜாவும் சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொன்னாள்: "வெளில நான் இந்தூர்த் தமிழ்தான் பேசுவேன் மாமி. பஸ்ல ஓம்னு வந்துட்டா திரும்பிப் பாப்பாங்க. ஒரு ஜவுளிக்கடை இன்டர்வியூல நல்லாத்தான் பேசிட்டு வந்தேன். கடைசியா, நாளைக்கே வேலைக்கு வர முடியுமான்னு கேட்டாங்க. சந்தோஷத்துல ஓம்ன்னுட்டேன். அப்புறம்தான் அட்ரஸ் கேட்டாங்க."

முகாம் அட்ரஸுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை.

அந்த நிரோஜாதான் ஒரு நாள் பதில்களைத் தட்டிக்கொண்டே வந்தவள், வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "மேடம், இங்க பாருங்களேன்" என்று வாசித்தாள். கட்டட வேலைக்குப் போகும் ஒருவர் சொல்லியிருக்கிறார்: 'ஆறுதலாகவா? ஆறுதலாகச் செய்தால் மேஸ்திரி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.' இன்னொரு அம்மாள்: 'ஆறுதலாக வேலை பார்க்க நான் என்ன கலெக்டரா?' உன் மாணவிகள் அதை விரக்தி என்று நினைத்து அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"மேடம், எங்க ஆளுங்களுக்கு ஆறுதலான்னா மெதுவா, அவசரமில்லாமன்னு அர்த்தம். ஆறுதலா வாங்கோன்னா, மெதுவா வாங்கன்னு."

சாயங்காலம் அவளை அழைத்துப்போக அவள் அம்மா யோகேஸ்வரி வந்தாள். முகாமுக்குள் ஓர் அறக்கட்டளை நடத்தும் தையல் கூடத்தில் வேலை பார்ப்பவள். எல்லோரும் அவளை யோகம் என்றுதான் கூப்பிடுவார்கள். நீ விடவில்லை. "யோகம், ஆறுதலா இருக்கறதுன்னா என்ன? நீங்களே சொல்லுங்கோ." யோகம் யோசித்தாள். நம் வீட்டுக் கூடத்துச் சுவரில் பாம்பணையில் சயனித்திருக்கும் நம் பெரிய பெருமாள் படம் கண்ணில் பட்டது. கையை நீட்டினாள்.

"உங்கட சாமி மாதிரி."

நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பிறகு எனக்கே சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கு இந்த வீட்டில் சிரித்த சிரிப்புக்கு அண்ணா வாசலிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்.

எல்லோரும் சிரித்து ஓய்ந்தபோது நீ மட்டும் அந்தப் பதில்களைத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தாய். "அப்போ, சாரத்துல ஏறி நின்னு பெயின்ட் அடிக்கறவன்கிட்ட போய், உன் வேலை சாவகாசமா இருக்கான்னு கேட்டிருக்கேன்" என்றாய். அவர்கள் வாங்கோ, சொல்லுங்கோ என்று பேசுவது நம் வீட்டுப் பேச்சு மாதிரியே இருந்தது. அதனாலேயே நமக்குச் சந்தேகம் வரவில்லை. பாஷை வேறாக இருந்திருந்தால் அர்த்தம் கேட்டிருப்போம். ஒரே பாஷை, கேட்கத் தோன்றவில்லை.

"திரும்பக் கேக்கணும் மன்னி. ஒரு வீடு விடாம."

அதற்குள் வயிற்று வலி வந்துவிட்டது. ஸ்கேன், ஆஸ்பத்திரி, அப்புறம் எல்லாம். ஆஸ்பத்திரியிலும் இதையேதான் சொன்னாய். கஞ்சி குடி என்றால், "முகாம் வேலை பாக்கி இருக்கே" என்றாய். எனக்குக் கோபம்கூட வந்தது. உனக்கு உன்னைவிட அந்தக் கேள்வியா பெரிது?

நீ போன அன்று யோகம் வந்திருந்தாள். நம் மனிதர்கள் ஒவ்வொருவராக வந்து எனக்குச் சொன்னதெல்லாம் ஒன்றுதான். மனசைத் தேத்திக்கோ. அண்ணாவை நீதான் பார்த்துக்கணும். அழாதே, அந்த ஆத்மா கஷ்டப்படும். நான் வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் உன்னை எடுத்துக்கொண்டு காவிரிக்கரைக்குப் போனபிறகு யோகம் கொல்லைப் பக்கமாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆறுதலா அழுங்கோ அக்கா. ஒரு அவசரமும் இல்லை."

வசு, அந்த ஒரு வாக்கியத்தில்தான் நான் உடைந்தேன். அவளுடைய ஆறுதலா, நம்முடைய ஆறுதலா, எது என் காதில் விழுந்தது என்று இன்றுவரை பிரிக்கத் தெரியவில்லை.

தை மாதம் பிறந்ததும் உன்னோடு ஆராய்ச்சி செய்த பேராசிரியை போன் செய்தாள். உன் பேரில்தான் அறிக்கை வருகிறது, முதல் பெயர் உன்னுடையது என்றாள். சந்தோஷமாக இருந்தது. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள். தையல் கூடத்துக்குப் பணம் தரும் அறக்கட்டளைக்காரர்கள் இந்த அறிக்கைக்காகக் காத்திருக்கிறார்களாம். வேலை இவர்களுக்கு ஆறுதல் தரவில்லை என்று அதில் இருந்தால், தையல் கூடத்தை மூடிவிட்டு, அந்தப் பணத்தில் மனநல ஆலோசனை மாதிரி வேறு ஏதாவது செய்யலாம் என்று யோசனையாம்.

"அது தப்பான கேள்விம்மா. வசுவே சொன்னாளே" என்றேன்.

"தெரியும் மாமி. ஆனா பசங்களுக்கு இப்ப பரீட்சை. திரும்பப் போய்க் கேக்க ஆளில்ல. இல்லன்னா அந்தக் கேள்வியையே எடுத்துடலாம். எடுத்துட்டா, வேலைனால என்ன நன்மைன்னு சொல்றதுக்கு நம்மகிட்ட ஒண்ணும் இருக்காது."

உன் உயிரைப் பிடித்துவைத்திருந்த கேள்வி. அதை எடுத்துவிடுவதா? என் கணக்கில் ஒரு வரி இடறினாலே அது சரியாகும்வரை எனக்குச் சோறு இறங்காது. உன் பேருக்குக் கீழே தப்பை எப்படி விடுவேன்? "நான் போய்க் கேட்டுக்கொண்டு வரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். "சிவராத்திரிக்குள்ள முடிச்சுக் குடுத்துடுங்க மாமி" என்றாள்.

இப்படியாக, காவிரிப் பாலத்தைத் தாண்டித் தனியாகப் போயிராத உன் மன்னி, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, அங்கே நிரோஜாவோடு இன்னொரு பஸ் பிடித்து முகாமுக்குப் போனாள். அண்ணா, "நோக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார். மறுநாள் நான் கிளம்பும்போது குடையை எடுத்துவந்து கையில் கொடுத்தார்.

கேள்வியை நிரோஜாவும் நானும் மாற்றி எழுதினோம். 'வேலை செய்கிற நேரத்தில் மனப்பாரம் கொஞ்சம் குறைகிறதா?' இப்போது எல்லோருக்கும் புரிந்தது. முன்பு 'இல்லை' என்று உடனே சொன்னவர்கள், இப்போது பேச்சை நிறுத்திவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்கள்.

பெயின்ட் அடிக்கப் போகும் பெரியவர் சொன்னார்: "சாரத்தில நிக்கேக்க கீழயும் பாக்கேலாது, பின்னுக்கும் பாக்கேலாது. கண்ணுக்கு முன்னால சுவர் மட்டும்தான். அது நல்லம்தானே?" நிக்கேக்க என்றால் நிற்கும்போது, பாக்கேலாது என்றால் பார்க்கமுடியாது என்று நிரோஜா சொல்லித்தந்தாள். துணிக்கடையில் பகல் முழுக்க நின்றே வேலை செய்யும் பெண், "கால் நோவுக்குள்ள மன நோவு தெரியாது அக்கா" என்றாள். அதை ஆம் என்று எழுதுவதா, இல்லை என்று எழுதுவதா? இன்ஜினீயரிங் படித்துவிட்டு அப்பாவோடு பெயின்ட் வேலைக்குப் போகும் பையன் நம்மூர்த் தமிழிலேயே சொன்னான்: "படிச்ச வேலை கிடைச்சா குறையும் மாமி. வாளியைத் தூக்கறப்பல்லாம் சர்டிபிகேட்டும் சேர்ந்து கனக்குது." எல்லாவற்றையும் அவரவர் சொன்னபடியே எழுதினேன். பாரம் குறைகிறது என்றவர்கள்தான் அதிகம். எனக்கு நம்பிக்கை வந்தது. நிரோஜாவின் முகமும் தெளிந்தது.

தையல் கூடத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டோம். ஓட்டுக் கொட்டகை. ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்துக்கொண்டிருந்தார்கள். மெஷின்களின் இரைச்சலில் நாம் பேசுவது நமக்கே கேட்காது. யோகம் மெஷினை நிறுத்திவிட்டு எனக்கு ஸ்டூல் போட்டாள். அவள் மடியில் செல்போன் இருந்தது.

கேள்வியைக் கேட்டேன்.

"இல்லை அக்கா" என்றாள்.

நிரோஜா திடுக்கிட்டாள். "அம்மா, கேள்வி விளங்கினதோ?"

"நல்லா விளங்கினது. உன்ட அண்ணன் வெளிநாடு போறன் எண்டு படகில ஏறிப் போனவன். போய்ச் சேர்ந்தானோ இல்லையோ, ஒரு சேதியும் இல்லை. இந்த மெஷின் ஓடேக்க போன் அடிச்சாக் கேக்காது. அதுதான் மடியில வைக்கிறன். துடிச்சாலாவது தெரியும் எண்டு. தைச்சு முடிக்குமட்டும் நெஞ்சு அடிச்சுக்கொண்டே கிடக்கும். எனக்கு என்ன பாரம் குறையிறது?"

எனக்கு உன் அண்ணா நினைவு வந்தது.

நிரோஜா தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள். வெளியே பேசும் தமிழெல்லாம் போய்விட்டது. "அம்மா, ஓம் எண்டு சொல்லுங்கோ. இஞ்ச வேலை செய்யிற நீங்களே இல்லை எண்டா, இதை மூடிப்போடுவினம். பிறகு எங்க போவீங்க?"

"ஓம் எண்டால் மூடமாட்டினமோ?"

"மூடமாட்டினம்."

யோகம் என்னைப் பார்த்தாள். "அக்கா, வசு அம்மாவுக்கு நான் ஒரு பொய்யும் சொன்னதில்லை. செத்த பிறகு சொல்லவோ?"

நான் என்ன சொல்லட்டும், வசு? ஓம் என்று எழுதினால் ஒரு சொல்தான் வித்தியாசம் மாதிரி இருந்தது. நிரோஜா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'எழுதுங்கோ' என்று நீ சொல்வாயா, 'வேண்டாம்' என்பாயா என்று கண்ணை மூடிக் கேட்டுப் பார்த்தேன். ரங்கநாதா என்றும் கூப்பிட்டேன். மெஷின் இரைச்சல்தான் கேட்டது.

அப்போது யோகம் துணியை மடித்துவைத்துவிட்டுப் பேசினாள். கோபமாகத்தான் பேசினாள்.

"நான் ஒண்டு கேக்கிறன், அதையும் எழுதுங்கோ. மனம் ஆறினாத்தான் வேலை தருவினமோ? வசு அம்மா போய் உங்களுக்கும்தான் மனம் ஆறேல்லை. அதுக்காக ஆராவது வந்து உங்கட அடுப்பைப் பிடுங்கிக்கொண்டு போனவையோ? பாரம் குறையேல்லை. குறையாட்டிலும் எனக்கு இந்த வேலை வேணும். என்ட பிள்ளை வரேக்க அவனுக்குச் சோறு போட என்ட காசு என்ட கையில இருக்கவேணும்."

நிரோஜா அழுதாள். நான் 'இல்லை' என்று எழுதினேன். அதன் கீழே யோகம் சொன்னது முழுவதையும் எழுதினேன். அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "ஓம், அதுதான்" என்று சொல்லிவிட்டு மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.

பஸ்ஸில் வரும்போது உன்மேல்தான் எனக்கு வருத்தம். இவ்வளவு படித்தாயே, அடுப்பைப் பிடுங்கிக்கொண்டு போவார்களா என்ற கேள்வி நம் இருவருக்கும் ஏன் தோன்றவில்லை? வேலை மனதை என்ன செய்கிறது என்று கேட்டோமே தவிர, மனம் எப்படியிருந்தாலும் வேலை வேண்டும் என்று ஒருத்தி சொல்லக்கூடும் என்று நினைக்கவில்லையே. நீ இருந்திருந்தால் இதைக் கேட்டவுடன் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். காபி ஆறிப்போயிருக்கும். நான் திட்டியிருப்பேன்.

சிவராத்திரிக்கு முன்பே எல்லாவற்றையும் பேராசிரியையிடம் கொடுத்துவிட்டேன். யோகத்தின் பதிலை அவள் இரண்டு முறை படித்தாள். "மாமி, இதைப் பட்டியல்ல எந்தக் கட்டத்துல போடறது?" என்றாள். அறக்கட்டளைக்காரர்கள் முடிவெடுப்பதற்கு முன் ஒரு முறை கூடிப் பேசப்போகிறார்களாம். பட்டியலில் அடங்காததை அங்கே யாராவது நேரில் சொன்னால்தான் உண்டு என்றாள். யோகத்தைக் கூப்பிட்டேன். அந்த நாள் முகாமில் அதிகாரிகள் வந்து ஆள் எண்ணி ஆஜர் பார்க்கும் நாள். அவளும் நிரோஜாவும் அங்கே இருந்தே ஆகவேண்டும். அவர்களைப் பற்றிய கூட்டத்துக்கு அவர்களே வர முடியாது. இதை நீ இருந்தால் எப்படி எடுத்துக்கொள்வாய்?

தையல் கூடம் நிலைக்குமா, மூடிவிடுவார்களா, தெரியாது. இந்த மலர் அச்சாகி வருவதற்குள் தெரிந்துவிடும். யோகம் சொன்ன 'இல்லை'யாலேயே அது மூடப்பட்டால், நிரோஜாவின் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? பெருமாள் சன்னதியில் தினம் இதைத்தான் கேட்கிறேன். உனக்காக அழுவதற்கு வைத்திருந்த நேரமும் இதிலேயே போய்விடுகிறது.

கூட்டத்துக்கு நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன், வசு. நாலு பேர் உள்ள சபையில் இதுவரை நான் வாய் திறந்ததில்லை என்று உனக்குத் தெரியும். திறப்பேன். இங்கிலீஷில் கேட்டாலும் தமிழில் சொல்வேன். யோகம் சொன்ன 'இல்லை'யை முதலில் வாசிப்பேன். அதற்கப்புறம் அவர்கள் என்னை உட்காரச் சொன்னாலும் உட்காராமல், அவள் சொன்னது முழுவதையும், ஒரு சொல்லைக்கூட நம் தமிழுக்கு மாற்றாமல், கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் வருவேன். இது உன்மேல் ஆணை.

உன் அண்ணாவின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து, உன்னைப் பெறாமல் பெற்ற,
உன் மன்னி